நாலு கோர் வயரில் சொந்தமாக ஆடியோ கேபிள்: வெட்டுவது முதல் சோதிப்பது வரை

டிவிடி பிளேயரோடு இலவசமாக வந்த பழைய ஆர்.சி.ஏ. கேபிள் (சிவப்பு, வெள்ளைப் பின் வைத்த ஆடியோ வயர்) ஒன்று வீட்டில் கிடந்தால், அதைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். நடுவில் மெல்லிய ஒரு கோர் (தோல் போர்த்திய உள்கம்பி) இருக்கும். அதைச் சுற்றி, வெளி இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டு என்ற பெயரில் பத்துப் பதினைந்து செம்பு இழைகள் ஒப்புக்குச் சுற்றியிருக்கும். பாட்டைக் கொண்டுபோக அந்த நடுக்கோர் தாராளமாகப் போதும். வம்பெல்லாம் வெளிச்சுற்றில்தான்.

ஆர்.சி.ஏ. இணைப்பில் இருப்பது இரண்டே முனைகள். நடு ஊசி வழியாகச் சிக்னல் போகிறது, வெளி வளையம் வழியாகத் திரும்புகிறது. அதே வெளி வளையம் இரண்டு கருவிகளின் உடலையும் ஒன்றோடொன்று இணைக்கிறது. கரண்டில் ஓடும் எந்தக் கருவியிலும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவோ ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகவோ கொஞ்சம் கசிவு மின்னோட்டம் உண்டு. அதுவும் இந்த வளையம் வழியாகத்தான் அடுத்த கருவிக்குப் போகும். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் வோல்டேஜ். அந்த வோல்டேஜ் நேராகச் சிக்னலோடு கூடிவிடும். அதுதான் நீங்கள் கேட்கும் ‘ம்ம்ம்’ என்கிற 50 ஹெர்ட்ஸ் ஹம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கசிவு 100 மைக்ரோஆம்பியர். இலவசக் கேபிள் 2 மீட்டர் நீளம், அதன் ஷீல்டின் தடை அரை ஓம். அப்படியானால் 50 மைக்ரோவோல்ட் ஹம். வீட்டுக் கருவிகளின் சாதாரண சிக்னல் அளவு 316 மில்லிவோல்ட். அதைவிட இது 76 டெசிபல் கீழே. திரும்பும் வழியின் தடையை 0.1 ஓமாகக் குறைத்தால் ஹம் 10 மைக்ரோவோல்ட்தான், 90 டெசிபல் கீழே போய்விடும். கேபிளை மாற்றியதால் மட்டும் 14 டெசிபல் லாபம். இரண்டு கருவிக்கும் மூன்று பின் பிளக் இருந்து, இரண்டும் எர்த் ஆகியிருந்தால் வளையத்தில் ஓடும் மின்னோட்டம் இதைவிடப் பல மடங்கு. அங்கே இந்த வித்தியாசம் காதுக்கே தெரியும்.

ஆகவே நாலு கோர் வயர் கையில் இருக்கும்போது ஆர்.சி.ஏ.வுக்கான விதி இதுதான்: மிச்சமாகும் கோர் எல்லாம் திரும்பும் வழிக்கு. ‘ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் இணை, மறுபக்கம் வெட்டி விடு, வயரில் அம்புக்குறி போடு’ என்று ஒரு பழக்கம் உண்டு. ஆர்.சி.ஏ.வில் அது திரும்பும் வழியின் தடையைக் கூட்டுகிறதே தவிர குறைப்பதில்லை. இரண்டு முனையிலும் ஷீல்டை இணையுங்கள்.

எந்த வயர்

நாலு கோரும் ஒன்றாக முறுக்கி, மேலே செம்பு ஷீல்டு போட்ட மைக் கேபிளுக்கு ‘ஸ்டார் குவாட்’ என்று பெயர். எதிரெதிரே இருக்கும் இரண்டு கோர் ஒரே நிறம். அவை ஒரு ஜோடி. கனாரே எல்-4ஈ6எஸ் என்பதில் இரண்டு வெள்ளை, இரண்டு நீலம். வெளி விட்டம் 6 மி.மீ., கோர் 24 கேஜ் (எண் கூடினால் கம்பி மெல்லியது), ஒரு ஜோடி சேர்ந்தால் 21 கேஜுக்குச் சமம், ஷீல்டு பின்னல் வலை. மோகாமி 2534-ம் 6 மி.மீ.தான், கோரும் 24 கேஜ்தான், ஆனால் ஷீல்டு பின்னாமல் சுற்றியது. சுற்றிய ஷீல்டைப் பிரிப்பது நொடி வேலை. பின்னலைப் பிரிக்கப் பொறுமை வேண்டும், ஆனால் வளைத்து நெளித்தாலும் இடைவெளி விடாது. அடிக்கடி கழற்றி மாட்டும் இடத்துக்குப் பின்னல், ரேக்குக்குப் பின்னால் கிடக்கப்போகும் வயருக்குச் சுற்று என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவை இரண்டிலும் கோரின் மேல்தோல் சூடு தாங்கும் பாலிஎத்திலீன். சென்னை ரிச்சி தெருவிலோ கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலோ மீட்டர் கணக்கில் கிடைக்கும் பெயர் தெரியாத நாலு கோர் ஷீல்டு வயரில் பெரும்பாலும் பி.வி.சி. தோல் இருக்கும். அயர்ன் பட்டதும் அது சுருங்கிப் பின்னால் ஓடும். இரண்டு கோர் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆகும். அதிலும் வேலை செய்யலாம், ஆனால் கை வேகமாக இருக்க வேண்டும். வாங்கும் முன் ஒரு அடி நீளம் கேட்டு வாங்கி வீட்டில் கீறிப் பாருங்கள். ஷீல்டை விரலால் விலக்காமலே உள்ளிருக்கும் நிறம் தாராளமாகத் தெரிந்தால் அந்த வயர் வேண்டாம்.

ஸ்டார் குவாட் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நாலு கோரும் ஷீல்டும் நெருங்கி இருப்பதால் கெப்பாசிட்டன்ஸ் (உயர்ந்த ஒலிகளை மழுங்கடிக்கும் மின்தேக்கம்) அதிகம். இரண்டு கோர் ஹாட் (சிக்னல் போகும் வழி), மற்றதெல்லாம் கிரவுண்டு (திரும்பும் வழி) என்று இணைத்தால் மீட்டருக்குச் சுமார் 200 பிகோஃபாரட் என்று கணக்கு வையுங்கள். 2 மீட்டருக்கு 400. கொடுக்கும் கருவியின் அவுட்புட் தடை 1 கிலோஓம் என்றால் 400 கிலோஹெர்ட்ஸ் வரை கவலையில்லை. ஆனால் நடுவில் 50 கிலோஓம் வால்யூம் கன்ட்ரோல் மட்டும் உள்ள பேசிவ் ப்ரீஆம்ப் இருந்தால் மோசமான நிலையில் அதன் தடை 12.5 கிலோஓம். அப்போது 32 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் 3 டெசிபல் சரிந்திருக்கும், 20 கிலோஹெர்ட்ஸிலேயே ஒன்றரை டெசிபல் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு கோரை ஹாட்டாக வைத்து, மற்ற மூன்றையும் ஷீல்டோடு சேருங்கள், நீளத்தையும் அரை மீட்டருக்குள் வையுங்கள்.

ரெக்கார்டு பிளேயருக்கு இந்த வயர் வேண்டவே வேண்டாம். ஆடியோ-டெக்னிகா ஏ.டி.-வி.எம்.95 போன்ற மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜுக்கு (ரெக்கார்டு ஊசி இருக்கும் பாகம்) சொல்லப்படும் மொத்த கெப்பாசிட்டன்ஸே 100 முதல் 200 பிகோஃபாரட் வரைதான். ஊசியைத் தாங்கும் டோன்ஆர்மின் வயரும், அதன் சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜும் சேர்ந்தே அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். கிட்டாருக்கும் இதே கதை. எஸ்.பி.டி.ஐ.எஃப். டிஜிட்டல் இணைப்புக்கு 75 ஓம் கோஆக்ஸ்தான்; அங்கேயும் ஸ்டார் குவாட் ஆகாது.

சாமான்

1 மீட்டர் ஸ்டீரியோ ஜோடி ஒன்றுக்கு: வயர் 2.2 மீட்டர், ஆர்.சி.ஏ. பின் (பிளக்) 4, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கும் குழாய்) 3 மி.மீ. அரை அடி, இடது வலது தெரிய 8 மி.மீ.யில் சிவப்பும் கறுப்பும் கொஞ்சம். பின்னை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பின்பக்க ஓட்டை. 6 மி.மீ. வயர் நுழையாத பின்தான் கடையில் அதிகம். ரீன் என்.ஒய்.எஸ்.373 நுழைய விடும், விலையும் நியாயம். உள்ளே ஸ்க்ரூ வைத்து முடுக்கும் ‘சால்டர் வேண்டாம்’ பின்களை வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் அந்த ஸ்க்ரூவுக்கு அடியில் போகும் கம்பிக்கு ஈயம் பூசாதீர்கள். ஈயம் மெதுவாக நசுங்கி, சில மாதத்தில் ஸ்க்ரூ தானாகத் தளர்ந்துவிடும்.

அயர்ன் 25 வாட் போதும், ஆனால் ஊசி முனை ஆகாது. உளி போல் தட்டையான 2 முதல் 3 மி.மீ. பிட்தான் கிரவுண்டு தகட்டைச் சூடாக்கும். சூடு வைக்கும் ஸ்டேஷன் இருந்தால் 350 டிகிரி. ஈயம் 63/37 அல்லது 60/40, கனம் 0.8 மி.மீ., நடுவில் ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) உள்ளது. 63/37 கலவை 183 டிகிரியில் ஒரே மூச்சில் உருகி, ஒரே மூச்சில் இறுகும்; 60/40 கொஞ்ச நேரம் குழைவாக நிற்கும், அந்த நேரத்தில் வயர் அசைந்தால் உள்ளே விரிசல். கை பழகும்வரை 63/37 வாங்குங்கள். டப்பாவில் வரும் பேஸ்ட் பற்றி ஒரு எச்சரிக்கை: தகரம் பற்றவைக்கும் அமில வகையை வயரில் தடவினால் இரண்டு மழைக்காலத்துக்குள் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

இது தவிர ஒரு மல்டிமீட்டர், புதிய பிளேடு, தையல் ஊசி, பழைய ஆம்பிளிஃபயரில் கழற்றிய ஆர்.சி.ஏ. சாக்கெட் ஒன்று. அந்தச் சாக்கெட் எதற்கென்று கீழே வரும்.

ஆர்.சி.ஏ. கேபிள் செய்முறை

வயரை 105 சென்டிமீட்டருக்கு இரண்டு துண்டாக வெட்டுங்கள். இரு முனையிலும் ஒரு தவறுக்கு இடம் வேண்டும்.

அடுத்தது அயர்னைத் தொடும் முன்: பின்னின் வெளிக்குழாய், ஸ்பிரிங், நிற ஸ்லீவ் எல்லாவற்றையும் இப்போதே வயரில் கோர்த்துவிடுங்கள். இரு முனைக்கும் சேர்த்து. அழகாகப் பற்றவைத்து ஊதி ஆறவைத்துத் திரும்பினால், குழாய் மேசையில் உட்கார்ந்து உங்களைப் பார்க்கும். எத்தனை வருஷம் பழகியவருக்கும் இது நடக்கும்.

வெளித்தோலை முனையிலிருந்து 16 மி.மீ. நீக்க வேண்டும். பிளேடை வைத்து வயரைச் சுற்றி லேசாக ஒரு கோடு மட்டும் போடுங்கள், முழு ஆழத்துக்கு அறுக்க வேண்டாம். பிறகு அந்தக் கோட்டில் வயரை நாலு பக்கமும் வளைத்தால் தோல் தானாக விரிந்து பிளக்கும், இழுத்துக் கழற்றலாம். பின்னலில் அறுபட்ட இழைகள் நாலைந்துக்கு மேல் உதிர்ந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

பின்னலைப் பிரிப்பதுதான் நேரம் எடுக்கும் வேலை. தையல் ஊசியை, வெட்டிய முனையிலிருந்து 2 மி.மீ. உள்ளே பின்னலின் குறுக்கே விட்டு வெளிப்பக்கமாக வாருங்கள், சிக்கு எடுப்பது போல. முனையிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வரை போக வேண்டும். நேராகத் தோலருகே ஊசியைக் குத்தி இழுத்தால் இழைகள் அறும். எல்லாம் பிரிந்ததும் ஒரு பக்கமாகச் சேர்த்து முறுக்குங்கள். உள்ளே பருத்தி நூல் நிரப்பி இருக்கும். அதைத் தோல் ஓரத்தோடு ஒட்ட நறுக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் அயர்ன் சூட்டில் கருகி, சால்டருக்குள் கரியாக மாட்டும்.

முறுக்கிய ஷீல்டு மீது 3 மி.மீ. ஸ்லீவ் 8 மி.மீ. நீளத்துக்குப் போட்டுச் சுருக்குங்கள். இதைத் தவிர்க்கிறவர்கள் அதிகம். ஷீல்டின் ஒற்றை இழை ஒன்று விலகி நடு ஊசியைத் தொடுவதுதான், செய்து முடித்த கேபிளில் ஒரு சேனல் ஊமையாவதற்கு முதல் காரணம்.

இனி கோர்கள். ஒவ்வொன்றிலும் 4 மி.மீ. தோலை நீக்கி, வெள்ளை இரண்டையும் ஒன்றாக முறுக்குங்கள், இது ஹாட். நீலம் இரண்டையும் ஷீல்டையும் ஒன்றாக முறுக்குங்கள், இது கிரவுண்டு. இரண்டுக்கும் ஈயம் பூசுங்கள். அயர்னைக் கீழே வைத்து, ஈயத்தை மேலிருந்து கம்பியில் தொட வேண்டும்; கம்பி சூடாகி ஈயத்தை உறிஞ்ச வேண்டும். ஷீல்டு கட்டு தடிமனாக இருப்பதால் அதற்கு நாலைந்து விநாடி பிடிக்கும். அந்தச் சூடு உள்ளே ஓடிக் கோர்த் தோலை உருக்காமல் இருக்க, தோல் ஓரத்தில் ஒரு மூக்குக் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள். சூட்டைக் குறடு குடித்துக்கொள்ளும்.

இப்போது அந்தப் பழைய சாக்கெட். பின்னைச் சாக்கெட்டில் செருகிவிட்டுப் பற்றவையுங்கள். நடு ஊசியைத் தாங்கும் பிளாஸ்டிக் சூட்டில் இளகினாலும் சாக்கெட் அதை நேராகப் பிடித்திருக்கும். வெறுமனே வைத்துப் பற்றவைத்தால் ஊசி ஒரு பக்கம் சாய்ந்து இறுகும். பிறகு அதை ஆம்பிளிஃபயரில் திணிக்கும்போது, சாக்கெட்டின் நடு ஸ்பிரிங் அகன்று போகும். கெடுவது கேபிள் மட்டுமல்ல, கருவியும்.

முதலில் நடு ஊசியின் குழி: அதில் பாதி ஈயம் உருக்கி, பூசிய வெள்ளைக் கட்டை உள்ளே விட்டு, அயர்னை எடுத்து, ஐந்து விநாடி ஆடாமல் பிடியுங்கள். பிறகு கிரவுண்டு தகடு. அதை முதலில் தனியாகச் சூடாக்கி ஈயம் பூசிவிட்டுத்தான் கட்டை வைக்க வேண்டும். தகடு சூடாகாமல் ஈயம் மட்டும் உருகி மேலே உருண்டையாக உட்கார்ந்தால் அது ஒட்டவில்லை. நகத்தால் நெம்பினாலே வரும். ஈயம் கலந்த சால்டர் ஆறியதும் பளபளக்க வேண்டும். மங்கலாகப் பொரிந்து தெரிந்தால் மறுபடி சூடு காட்டுங்கள். ஈயமில்லாத வகை மட்டும் இயல்பாகவே மங்கலாக இருக்கும், அதை இந்தக் கணக்கில் பார்க்கக் கூடாது.

கடைசியாக, பின்னில் இருக்கும் பற்களை வெளித்தோலின் மேல் மடக்குங்கள். தோலைக் கவ்வ வேண்டும், கோரை அல்ல. மிகவும் நசுக்கினால் பல் தோலைக் கிழித்து ஷீல்டுக்குள் இறங்கி, அங்கிருந்து வெள்ளைக் கோருக்கும் போகும். இழுத்தால் நகராத அளவு போதும்.

எக்ஸ்.எல்.ஆர். கேபிள்

எக்ஸ்.எல்.ஆர். என்பது மைக்கில் மாட்டும் மூன்று ஊசிப் பின்; ஊசிகளுக்குப் பின் 1, 2, 3 என்று எண். ஸ்டார் குவாட்டுக்கு உண்மையான இடம் இதுதான். பேலன்ஸ்டு இணைப்பில் ஹாட், அதன் எதிர்முனையான கோல்டு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே இன்புட் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் சமமாக ஏறும் இரைச்சல் கழிந்துவிடும். எதிரெதிர்க் கோர்களை ஒரு ஜோடியாகச் சேர்ப்பதால் இரண்டு ஜோடிக்கும் மையம் ஒன்றே. பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரோ லைட் டிம்மரோ எறியும் காந்தப்புலம் இரண்டிலும் சமமாக விழும். ஆர்.சி.ஏ.வில் கழிக்கும் இன்புட்டே கிடையாது, அதனால் இந்த அமைப்பின் அந்த ஆதாயம் அங்கே பெரிதாகக் கிடைக்காது. ‘ஸ்டார் குவாட் போட்டேன், ஆர்.சி.ஏ.வில் டிம்மர் சத்தம் போகவில்லை’ என்பவர்களுக்குப் பதில் இதுதான்.

பின் 1 ஷீல்டு, பின் 2 ஹாட், பின் 3 கோல்டு. 1992இல் வந்த ஏ.ஈ.எஸ்.14 என்ற ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி தரம் இதைத்தான் சொல்கிறது. வெள்ளை இரண்டும் 2-க்கு, நீலம் இரண்டும் 3-க்கு. நிறத்தை மாற்றி வைத்தாலும் தவறில்லை, இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவே. ஒரு வெள்ளையும் ஒரு நீலமும் சேர்ந்து ஒரு ஜோடி ஆகிவிட்டால் கேபிள் வேலை செய்யும், பாட்டு வரும், ஆனால் ஸ்டார் குவாட்டுக்குக் கொடுத்த காசு வீண்.

ஆண் பின்னின் பின்பக்கமும் பெண் பின்னின் பின்பக்கமும் கண்ணாடியில் பார்ப்பது போல் மாறி இருக்கும். ‘இடது பக்கம் ஹாட்’ என்று மனப்பாடம் செய்யாமல், குழிக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். எண் சின்னது, செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரு முனையில் 2-ம் 3-ம் மாறிவிட்டால் தனியாகக் கேட்கும்போது ஒன்றும் தெரியாது. இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து பாடும்போது பேஸ் காணாமல் போகும்.

நியூட்ரிக் என்.சி.3 வகையில் குழிகள் கிண்ணம் போல் இருக்கும். கிண்ணத்தில் முக்கால் அளவு ஈயம் உருக்கி வைத்து, மறுபடி சூடாக்கி, பூசிய ஜோடியை உள்ளே இறக்குங்கள். இரண்டு 24 கேஜ் கோர் ஒரு கிண்ணத்துக்குள் நெருக்கமாகத்தான் போகும். அதனால் பூசும்போது ஈயத்தை மெல்லியதாக வையுங்கள். முறுக்கைப் பிரித்த நீளம் 15 மி.மீ. தாண்டக் கூடாது, பிரிந்து கிடக்கும் அந்தக் கொஞ்சத்தில்தான் காந்தப்புலத்துக்கு வாசல் திறக்கிறது. பின்னின் ரப்பர் உறையை முதலில் கோர்க்க வேண்டும் என்பதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

நாலாவதாக ஒரு தகடு இருக்கும், பின்னின் உலோக உடலுக்கானது. அதைப் பின் 1 உடன் சேர்க்காதீர்கள். சேர்த்தால் இரண்டு கேபிளை நீட்டித்து மாட்டும்போது அந்த உடல் ஏதாவது இரும்பில் பட்டு, புதிதாக ஒரு எர்த் வளையம் (ஹம் ஓடும் மூடிய சுற்று) உண்டாகும். பின் 1 எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது கருவிக்குள் தீர வேண்டிய விஷயம். அதைப் பெட்டியின் உடலில் இணைக்காமல் சர்க்யூட் போர்டில் இணைத்தால் ஹம் உள்ளே ஏறும் என்று ஆடியோ எஞ்சினியர் நீல் மன்சி 1995இல் விரிவாக எழுதினார், பிறகு ஏ.ஈ.எஸ்.48 தரமும் வந்தது.

ஆர்.சி.ஏ.விலிருந்து எக்ஸ்.எல்.ஆருக்கு

கம்ப்யூட்டரிலோ பிளேயரிலோ ஆர்.சி.ஏ. அவுட்புட், ஸ்டுடியோ ஸ்பீக்கரில் எக்ஸ்.எல்.ஆர். இன்புட். கடையில் வரும் ரெடிமேட் வயரில் பின் 3-ஐ 1-உடன் எக்ஸ்.எல்.ஆர். முனையிலேயே ஷார்ட் செய்திருப்பார்கள். அதனால் இன்புட்டின் கழிக்கும் திறமை முழுக்க வீணாகிறது. வெள்ளையை நடு ஊசியிலிருந்து பின் 2-க்கும், நீலத்தை ஆர்.சி.ஏ. வெளி வளையத்திலிருந்து பின் 3-க்கும் கொண்டுபோங்கள். ஷீல்டு அதே வெளி வளையத்திலிருந்து பின் 1-க்கு. நீலமும் ஷீல்டும் ஆர்.சி.ஏ. முனையில் மட்டும்தான் சந்திக்க வேண்டும். இப்போது கசிவு மின்னோட்டம் ஷீல்டில் ஓடும், நீலத்தில் ஓடாது. இன்புட் வெள்ளைக்கும் நீலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். இந்த ஒரு மாற்றத்தில் பல வீடுகளில் ஹம் முழுசாக நின்றுவிடும்.

தலைகீழாக, எக்ஸ்.எல்.ஆர். அவுட்புட்டிலிருந்து ஆர்.சி.ஏ.வுக்குப் போனால் கவனம் தேவை. டிரான்ஸ்ஃபார்மர் அவுட்புட் என்றால் பின் 3-ஐக் கிரவுண்டு செய்தே ஆக வேண்டும். சில எலெக்ட்ரானிக் அவுட்புட்டில் அப்படிச் செய்தால் ஐ.சி. சூடாகும், சத்தம் கெடும். அங்கே பின் 3-ஐ எதிலும் சேர்க்காமல் விட வேண்டும். கருவியின் மேனுவலில் ‘அன்பேலன்ஸ்டு’ என்ற தலைப்பைத் தேடிப் படித்த பிறகுதான் அயர்னை எடுக்க வேண்டும்.

3.5 மி.மீ. ஆக்ஸ் வயர்

ஹெட்ஃபோன் துளையில் மாட்டும் வயர் இது. ஒரே நாலு கோர் வயரில் இடது, வலது இரண்டையும் அனுப்பலாம். இங்கே ஒரு சூட்சுமம். இடதுக்கு ஒரு வெள்ளை, வலதுக்கு எதிரே இருக்கும் இன்னொரு வெள்ளை. நீலம் இரண்டும் ஷீல்டும் கிரவுண்டு. இரண்டு சிக்னலுக்கும் நடுவில் கிரவுண்டு கோர்கள் வேலி போல் நிற்பதால் ஒரு சேனல் மற்றதில் கசிவது குறையும். சிக்கல் என்னவென்றால் வெள்ளை இரண்டும் ஒரே நிறம். ஒரு முனையில் ஒரு வெள்ளைக்கு மார்க்கரில் புள்ளி வைத்து, மறுமுனையில் மீட்டரின் பீப் வைத்துக் கண்டுபிடித்து அதற்கும் புள்ளி வையுங்கள். 6 மி.மீ. வயர் பெரும்பாலான 3.5 பின்னுக்குள் நுழையாது. 4.8 மி.மீ. கனமுள்ள கனாரே எல்-4ஈ5சி அல்லது மோகாமி 2893 இதற்குச் சரி.

லேன் வயரில் செய்யலாமா

இணையம் முழுக்க லேன் வயரைப் பின்னிச் செய்த ஆர்.சி.ஏ. கேபிள் படங்கள் கிடக்கின்றன. கேட் 5ஈ வயரில் நாலு முறுக்கு ஜோடி, 24 கேஜ், மீட்டருக்குச் சுமார் 50 பிகோஃபாரட். எண்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஷீல்டு இல்லை என்பதுதான் குறை. ஆர்.சி.ஏ.வில் செல்போன் பக்கத்தில் வந்தாலே கரகரக்கும். பேலன்ஸ்டு இணைப்பில், சுவருக்குள் பதித்துவிட்டு மறந்துவிடும் இடத்தில், ஷீல்டு உள்ள லேன் வயர் அருமையாக வேலை செய்யும்: ஒரு ஜோடி ஒரு சேனல், ஒரே வயரில் நாலு எக்ஸ்.எல்.ஆர். ஷீல்டோடு வரும் வெறும் கம்பி எல்லாப் பின் 1-க்கும் பொது.

சுவருக்குள் பதிக்கும் வயரின் கோர் ஒற்றைக் கம்பி. பத்து இருபது முறை வளைத்தால் பின்னருகே ஒடியும். இன்னொன்று, மலிவான லேன் வயரில் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். பிளேடால் கோரைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். ஈயம் சரியாகப் பிடிக்காது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சோதனை

கருவியில் மாட்டும் முன் மல்டிமீட்டரை பீப் நிலையில் வையுங்கள். நடு ஊசிக்கு நடு ஊசி: பீப் வர வேண்டும். வளையத்துக்கு வளையம்: பீப். ஊசிக்கு வளையம்: மௌனம். பிறகு 20 மெகாஓம் நிலையில் ஊசிக்கும் வளையத்துக்கும் இடையே பாருங்கள். எண் ஏதாவது காட்டினால் ஃப்ளக்ஸ் அழுக்கோ கருகிய நூலோ உள்ளே இருக்கிறது, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். இவ்வளவும் பார்த்துக்கொண்டே இரு முனையையும் மடக்கி, ஆட்டி, முறுக்கிப் பாருங்கள்.

திரும்பும் வழியின் தடையைச் சாதாரண மீட்டரால் அளக்க முடியாது; அதன் ஊசி வயரே 0.3 ஓம் காட்டும். பெஞ்ச் பவர் சப்ளை இருந்தால் கரண்டை 1 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்தி, கேபிளின் ஒரு முனை வளையத்திலிருந்து மறுமுனை வளையத்துக்கு ஓட்டுங்கள். இரு வளையத்துக்கும் இடையே மில்லிவோல்ட் அளவிடுங்கள். 1 ஆம்பியரில் எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மில்லிஓம். 1 மீட்டர் கனாரேயில் இரண்டு நீலமும் ஷீல்டும் சேர்ந்து 50-க்குக் கீழே வர வேண்டும். 90 அருகே வந்தால், எங்கோ ஒரு நீலமும் ஷீல்டும் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

கோளாறு வந்தால்

பாட்டு வருகிறது, ஆனால் பேஸ் இல்லாமல் தகர டப்பா போல ஒலிக்கிறது: ஆர்.சி.ஏ.வில் ஹாட் எங்கோ விட்டுப்போய், கெப்பாசிட்டன்ஸ் வழியாக மட்டும் சிக்னல் தாவுகிறது. எக்ஸ்.எல்.ஆரில் சத்தம் 6 டெசிபல் அளவு குறைந்தால் 2 அல்லது 3-இல் ஒன்று திறந்திருக்கிறது. பலத்த உறுமல், கையால் பின்னைத் தொட்டால் மாறுகிறது என்றால் வளையம் இணையவில்லை. வளைக்கும்போது மட்டும் கரகரத்தால் பிளேடு பட்டு இழைகள் அறுந்திருக்கும். அந்த முனையை வெட்டி மறுபடி செய்வதே வழி. ஆர்.சி.ஏ.வில் மாட்டும்போது நடு ஊசிதான் முதலில் தொடும், வளையம் பிறகுதான். அதனால் ஆம்பிளிஃபயர் ஓடும்போது கழற்றி மாட்டினால் எழும் ‘டர்ர்’ சத்தம் கேபிள் கோளாறு அல்ல, ஆனால் ஸ்பீக்கருக்குக் கேடு. அணைத்துவிட்டு மாட்டுங்கள்.

எல்லாம் சரியாக அளந்தும் மெல்லிய ஹம் விடாமல் இருந்தால், முதலில் எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயிண்ட்டிலிருந்து வரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். ஹம் போக மூன்றாவது பின்னை ஒடித்துவிடும் வழக்கம் பல இடத்தில் இருக்கிறது. அது உயிர் போகிற வேலை. ஆம்பிளிஃபயருக்குள் கரண்ட் உடலில் பட்டால் ஃபியூஸைப் போக்க வேண்டிய எர்த் அங்கே இருக்காது. நீங்கள் செய்த கேபிளின் வளையமே 230 வோல்ட்டைச் சுமந்து நிற்கும். அதற்குப் பதிலாக டிவிக்கோ செட்டாப் பாக்ஸுக்கோ வரும் கோஆக்ஸ் வயரைக் கழற்றிப் பாருங்கள். ஹம் அந்த நொடியில் நின்றால் எர்த் தெருவிலிருந்து அந்த வழியாகத்தான் வருகிறது. அங்கே ஒரு ஆன்டெனா ஐசொலேட்டரோ, ஆடியோ லைனில் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ போட வேண்டும், கேபிளை மறுபடி அறுக்க வேண்டாம்.